32 பேர், ஒரு நாள்: மேஜிக் சீட்டுப் போட்டியை ஒழுங்காக நடத்தி முடிக்க முழுமையான வழிகாட்டி

ரிச்சர்ட் கார்ஃபீல்ட் உருவாக்கிய ‘மேஜிக்: த கேதரிங்’ என்ற சீட்டு விளையாட்டு 1993-இல் வெளிவந்தது. இரண்டு நண்பர்கள் வீட்டில் உட்கார்ந்து ஆட விதிப்புத்தகம் ஒன்று போதும். ஆனால் 32 பேர் நுழைவுக்கட்டணம் கட்டி, அடுத்த நிலைப் போட்டிக்கான ஓர் இடத்துக்காக ஆட வரும்போது அது போதாது. யார் யாரோடு ஆடுவது, மணி அடித்தபின் என்ன செய்வது, ஒருவர் தவறுதலாக ஒரு சீட்டு கூடுதலாக எடுத்துவிட்டால் எப்படிச் சரிசெய்வது என்பதற்கெல்லாம் தனி ஏற்பாடு வேண்டும்.

கடை அளவில் நடக்கும் பிராந்திய சாம்பியன்ஷிப் தகுதிப் போட்டியை இங்கே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். இதில் வென்றவர் பிராந்திய சாம்பியன்ஷிப்புக்குப் போகலாம். அங்கே முன்னணியில் வருபவர்கள் உச்சநிலைப் போட்டியான ப்ரோ டூருக்குப் போகிறார்கள். ஆட்டக்காரர்கள் கையோடு கொண்டுவரும் 60 சீட்டு டெக்கை (சீட்டுக் கட்டை) வைத்து ஆடும் கன்ஸ்ட்ரக்டட் வகை, காம்பெடிட்டிவ் கண்டிப்பு நிலை. வெள்ளிக்கிழமை மாலை கடையில் ஆடும் ரெகுலர் நிலை ஆட்டங்களுக்கு இவ்வளவு கண்டிப்பு தேவையில்லை. அங்கே இதைக் காட்டினால் புதிதாக வருபவர்கள் மறுவாரம் வரமாட்டார்கள்.

ஒரு வாரத்துக்கு முன்

மூன்று ஆவணங்கள் கையில் இருக்க வேண்டும்: ஆட்டத்தின் முழு விதித்தொகுப்பு, போட்டி விதிகள், தவறுகளுக்கான நடைமுறை வழிகாட்டி. புதிய சீட்டுத் தொகுப்பு வெளிவரும்போது இவையும் திருத்தப்படுகின்றன. ஆறு மாதத்துக்கு முன் தரவிறக்கிய கோப்பை நம்பித் தீர்ப்புச் சொல்வது ஆபத்து. தண்டனையின் அளவும் சரிசெய்யும் முறையும்தான் அடிக்கடி மாறுகிற பகுதி, அதை மட்டுமாவது புதிதாகப் படித்துவிடுங்கள்.

ஆட்களில் ஒரு தலைமை நடுவர், மேசைகளுக்கு நடுவே சுற்ற இன்னொரு நடுவர், ஜோடி சேர்த்து முடிவுகளைப் பதிய ஒருவர் இருந்தால் 32 பேரைத் தாங்கலாம். கடைக்காரரே பதிவையும் பார்த்துக்கொண்டு விற்பனையையும் பார்த்தால் ஒவ்வொரு சுற்றும் பத்து நிமிடம் தாமதமாகும்.

நேரக் கணக்கை இப்போதே போட்டுப் பாருங்கள். போட்டி விதிகள் பரிந்துரைப்பது 17 முதல் 32 பேருக்கு ஐந்து சுற்று, 33 முதல் 64 பேருக்கு ஆறு சுற்று, 65 முதல் 128 பேருக்கு ஏழு. ஒரு சுற்று 50 நிமிடம். அதோடு நேரம் முடிந்தபின் ஆடும் கூடுதல் டர்ன்கள் (ஒருவர் ஆடும் முறை ஒரு டர்ன்), முடிவுப் பதிவு, அடுத்த ஜோடி ஒட்டுவது எல்லாம் சேர்த்து 15 நிமிடம் வையுங்கள். ஐந்து சுற்றுக்கு 325 நிமிடம், அதாவது ஐந்தரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. அதன்பின் முதல் எட்டுப் பேருக்கான நாக்அவுட் மூன்று சுற்று, குறைந்தது மூன்று மணி நேரம். காலை 10 மணிக்குத் தொடங்கினால் மாலை 7 மணி ஆகிவிடும். முப்பத்துமூன்றாவது ஆளைச் சேர்த்தால் ஒரு சுற்று கூடும். ஒவ்வொரு சுற்றிலும் ஒருவருக்கு ஆட எதிராளி இருக்காது. ஆகவே எத்தனை பேர் வரை என்பதை முன்பதிவு திறக்கும்போதே அறிவித்துவிடுங்கள். வாசலில் வந்து நிற்பவரைப் பார்த்து முடிவெடுத்தால் சங்கடம்தான்.

மேசை எண் அட்டைகள், எல்லா மேசையிலிருந்தும் தெரிகிற பெரிய கடிகாரம், அச்சடித்த டெக்லிஸ்ட் (டெக்கில் உள்ள சீட்டுகளின் பட்டியல்) தாள்கள், நிறைய பேனா, மாற்று ஸ்லீவ் (சீட்டு உறை) இரண்டு பொட்டலம், தலைமை நடுவர் மாற்றுச் சீட்டு எழுதிக் கொடுக்க வெற்றுச் சீட்டுகள் நான்கைந்து ஆகியவற்றை எடுத்துவையுங்கள். மாற்றுச் சீட்டு என்பது போட்டி நடக்கும்போது எதிர்பாராமல் சேதமான சீட்டுக்கு மட்டும்தான். வீட்டில் மறந்துவிட்டு வந்த சீட்டுக்குப் பதிலாக அதைத் தர முடியாது.

காலை: டெக்லிஸ்ட்

நாள் முழுக்க வரப்போகும் சிக்கலில் பாதியை இந்த ஒரு தாளில் தடுத்துவிடலாம். முதன்மை டெக்கில் குறைந்தது 60 சீட்டு, சைட்போர்டில் (ஆட்டங்களுக்கு நடுவே மாற்றிக்கொள்ளும் கூடுதல் சீட்டுகள்) அதிகபட்சம் 15. அடிப்படை லேண்ட் (மற்றச் சீட்டுகளை ஆட ஆற்றல் தரும் நிலச் சீட்டு) தவிர எந்தச் சீட்டும் இரண்டும் சேர்த்து நான்குக்கு மேல் போகக்கூடாது. தாளை வாங்கும்போதே மூன்றைப் பாருங்கள்: முதன்மை டெக்கின் கூட்டுத்தொகை, சைட்போர்டின் கூட்டுத்தொகை, சீட்டின் முழுப்பெயர்.

முழுப்பெயர் ஏன் முக்கியம் என்றால், ஒரே பாத்திரத்தின் பெயரில் தொடங்கும் சீட்டுகள் மேஜிக்கில் ஏராளம். ‘ஜேஸ்’ என்று மட்டும் எழுதியிருந்தால் எந்த ஜேஸ் என்று யாருக்கும் தெரியாது. அதைவிட அடிக்கடி வரும் பிழை, லேண்டுகளை எழுத மறப்பது. கூட்டினால் 56 வரும். பெரும்பாலும் கடைசியாகச் சேர்த்த நான்கு லேண்டாக இருக்கும். முதல் சுற்று தொடங்குவதற்கு முன்பே கண்டுபிடித்தால் ஆட்டக்காரர் தாளைத் திருத்திவிட்டு ஆடப் போகலாம். மூன்றாம் சுற்றில் கண்டுபிடித்தால் அவர் ஒரு கேமையே (ஒரு மேட்ச்சுக்குள் ஆடும் தனி ஆட்டத்தை) இழக்க நேரலாம். ஆகவே அனைத்துத் தாள்களையும் முதல் சுற்று முடிவதற்குள் ஒருவர் உட்கார்ந்து எண்ணி முடிக்க வேண்டும். 32 தாளுக்கு அரை மணி நேரம் போதும்.

தொடக்க அறிவிப்பு

இரண்டு நிமிடத்துக்குள் முடியட்டும். தலைமை நடுவர் யார், எத்தனை சுற்று, சுற்றுக்கு எத்தனை நிமிடம், உணவு இடைவேளை உண்டா இல்லையா, முடிவை எப்படிப் பதிவது என்பதைச் சொல்லுங்கள். கூடவே ஒன்றை அழுத்திச் சொல்லுங்கள்: சந்தேகம் வந்தால் ஆட்டத்தை அப்படியே நிறுத்தி, கையைத் தூக்கி நடுவரைக் கூப்பிடுங்கள், நீங்களே பேசிச் சரிசெய்ய வேண்டாம். மேசையில் இருவரும் சமரசமாகச் சரிசெய்துகொண்ட பிழைதான் ஐந்து நிமிடம் கழித்துப் பெரிய சண்டையாக நடுவரிடம் வரும். அப்போது பின்னோக்கிப் போக வழியே இருக்காது.

நேரத்துக்கு வராதவருக்குச் சலுகை கிடையாது என்பதையும் சொல்லிவிடுங்கள். சுற்று தொடங்கும்போது இருக்கையில் இல்லையென்றால் ஒரு கேம் போய்விடும். பத்து நிமிடம் ஆகிவிட்டால் மேட்ச்சே போய்விடும்.

சுற்றுகள்: ஸ்விஸ் கணக்கு

மேட்ச் என்பது மூன்றில் இரண்டு கேம். வென்றால் 3 புள்ளி, டிரா என்றால் 1, தோற்றால் 0. ஸ்விஸ் முறையில் தோற்றவர் வெளியேறுவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய ஒரே புள்ளி உள்ளவர்கள் ஜோடி சேர்கிறார்கள், ஒருமுறை ஆடிய இருவர் மறுபடி மோதுவதில்லை. ஜோடி சேர்ப்பதை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். ஆனால் ஆட்டக்காரர்கள் கணக்கைக் கேட்டு உங்களிடம்தான் வருவார்கள், ஆகவே உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

32 பேர், டிராவே இல்லாமல் ஐந்து சுற்று ஆடினால் முடிவு இப்படி வரும்: ஐந்தும் வென்றவர் ஒருவர், நான்கு வென்றவர்கள் ஐந்து பேர், மூன்று வென்றவர்கள் பத்துப் பேர். முதல் எட்டில் ஆறு இடம் நேராக நிரம்பிவிடும். மிச்சம் இரண்டு இடத்துக்குப் பத்துப் பேர், எல்லாருக்கும் 9 புள்ளி. இங்கேதான் சமப்புள்ளிக்காரர்களை வரிசைப்படுத்தும் டைபிரேக்கர் வருகிறது.

முதல் டைபிரேக்கர், உங்கள் எதிராளிகளின் மேட்ச் வெற்றி விகிதத்தின் சராசரி. ஓர் எதிராளியின் விகிதம் 33 சதவீதத்துக்குக் கீழே போனாலும் 33 என்றே எடுத்துக்கொள்ளப்படும். ஒருவரின் ஐந்து எதிராளிகள் முறையே 80, 60, 60, 40 சதவீதம், ஐந்தாமவர் இரண்டு சுற்று தோற்றுவிட்டு வீட்டுக்குப் போனவர் என்று வையுங்கள். கடைசியாளின் பூஜ்யம் 33 ஆகிவிடும். கூட்டினால் 273, ஐந்தால் வகுத்தால் 54.6. இந்தக் கீழ்வரம்பு இல்லையென்றால் முதல் சுற்றில் அமைந்த எதிராளி ஒருவர் சோர்ந்து கிளம்பியதற்காக நீங்கள் தண்டனை அனுபவிப்பீர்கள். எதிராளி இல்லாமல் கிடைக்கும் பை சுற்று 2-0 வெற்றியாகப் பதிவாகும். எதிராளி விகிதக் கணக்கில் அது சேராது. இந்த முதல் டைபிரேக்கரிலும் சமமானால் தன் கேம் வெற்றி விகிதம், அதற்கும் பின் எதிராளிகளின் கேம் வெற்றி விகிதம்.

‘அவருக்கும் எனக்கும் ஒரே புள்ளி, நான் எப்படி ஒன்பதாவது?’ என்று கேட்பவருக்கு, தொடக்கத்தில் தோற்றுவிட்டுப் பிறகு வென்றவர் பெரும்பாலும் தோற்றுக்கொண்டிருந்தவர்களோடுதான் ஆடியிருப்பார் என்பதைப் பொறுமையாக விளக்குங்கள். முதல் சுற்றில் தோற்றதற்கும் கடைசிச் சுற்றில் தோற்றதற்கும் உள்ள வேறுபாடு அதுதான்.

டெக் சோதனை

இந்த நிலைப் போட்டியில் டெக் சோதனை கட்டாயம். நாள் முழுவதிலும் குறைந்தது பத்து சதவீத டெக்குகளைப் பார்க்க வேண்டும். 32 பேர் என்றால் நான்கு டெக், அதாவது இரண்டு மேசை. ஒருவருடைய டெக்கை மட்டும் எடுக்காமல் ஒரே மேட்ச்சின் இருவர் டெக்கையும் சேர்த்தே எடுக்க வேண்டும்.

எந்த மேசை என்பதைச் சுற்று தொடங்குவதற்கு முன்பே முடிவுசெய்து, அந்தப் பக்கம் பார்க்காமல் சற்றுத் தள்ளி நில்லுங்கள். இருவரும் கலைத்து முடித்து, டெக்கை எதிராளி பக்கம் வைத்து, தொடக்கக் கையை (முதல் சீட்டுகளை) எடுப்பதற்கு முந்தைய நொடியில் போய் நிறுத்துங்கள். அதற்கு முன் போனால் ‘இன்னும் சைட்போர்டைத் திரும்ப வைக்கவில்லை’ என்று சொல்ல இடம் உண்டு. சீட்டை எடுத்தபின் போனால் கேம் தொடங்கிவிட்டது. டெக்கையும் சைட்போர்டையும் டெக் பெட்டியோடு வாங்கிக்கொண்டு, நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது மிக முக்கியமான வரிசை. சீட்டுகளை வகைப்படுத்துவதற்கு முன் ஸ்லீவைப் பாருங்கள். டெக்கை முகம் கீழாக வைத்து, நான்கு ஓரத்தையும் விளக்குக்கு நேரே சாய்த்துப் பாருங்கள். மடிந்த முனை, கீறல், அழுக்கு, வெட்டு உயரத்தில் வேறுபாடு, வளைவு எதுவாக இருந்தாலும் அந்தச் சீட்டுகளைத் தனியே இழுத்து வைத்து, பிறகு திருப்பிப் பாருங்கள். நான்கைந்து வேறு வேறு சீட்டு என்றால் ஸ்லீவ் பழசாகிவிட்டது, மாற்றச் சொல்லி எச்சரிக்கை கொடுத்தால் போதும். இழுத்த நான்கும் ஒரே சீட்டாக இருந்தாலோ, எல்லாம் லேண்டாக இருந்தாலோ விஷயம் வேறு. பளபளப்பு ஃபாயில் சீட்டுகள் ஈரப்பதத்தில் வில்லாக வளையும். டெக்கில் நான்கு மட்டும் ஃபாயில் என்றால் கண்ணை மூடிக்கொண்டே அந்த இடத்தில் டெக்கை வெட்டலாம். ஆட்டக்காரர் நேர்மையானவராக இருந்தும் இது நடக்கும். ஆகவே தீர்ப்புச் சொல்வதற்கு முன் விசாரியுங்கள். முதலிலேயே வகைப்படுத்திவிட்டால் எந்தச் சீட்டு எந்த இடத்தில் இருந்தது என்ற தடயம் போய்விடும்.

பிறகு டெக்லிஸ்ட் வரிசையில் அடுக்கி எண்ணுங்கள். இரு பக்கமும் அச்சடித்த சீட்டுகள் இருந்தால் ஸ்லீவின் பின்பக்கம் ஒளி ஊடுருவாததா என்று பாருங்கள். எட்டுப் பத்து நிமிடத்துக்குள் திருப்பிக் கொடுங்கள். சோதனை எடுத்த நேரத்தோடு 3 நிமிடம் சேர்த்துக் கூடுதல் நேரம் தர வேண்டும், அவர்கள் மறுபடி கலைக்க வேண்டுமல்லவா. எட்டு நிமிடம் எடுத்திருந்தால் முடிவு எழுதும் ரிசல்ட் ஸ்லிப்பில் ‘+11’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். செயலியில் முடிவு பதிகிறீர்கள் என்றால் மேசை எண்ணோடு ஒரு தாளில் குறியுங்கள். வாயால் சொன்ன கூடுதல் நேரம் மணி அடிக்கும்போது யாருக்கும் நினைவிருக்காது.

கலைப்பதையும் கண்காணியுங்கள். 52 சீட்டுக் கட்டை ரிஃபிள் முறையில் (இரண்டாகப் பிரித்து ஒன்றுக்குள் ஒன்று கோத்து) ஏழு தடவையாவது கலைத்தால்தான் நன்றாகக் கலையும் என்று டேவ் பேயரும் பெர்ஸி டயகோனிஸும் 1992-இல் காட்டினார்கள். 60 சீட்டுக்கும் அதைவிடக் குறையக்கூடாது. சீட்டுகளைக் குவியல் குவியலாகப் போட்டு அடுக்குவது கலைப்பதாகாது, எண்ணிப் பார்க்கக் கேமின் தொடக்கத்தில் ஒருமுறை மட்டும் அனுமதி.

மேசைக்குக் கூப்பிட்டால்

போனதும் சீட்டுகளைத் தொடாதீர்கள், தொடவும் விடாதீர்கள். கூப்பிட்டவரை முதலில் பேசவிடுங்கள், பிறகு மற்றவரை. என்ன நடந்தது, என்ன நடந்திருக்க வேண்டும் என்ற இரண்டும் தெளிவானபின் தீர்ப்புச் சொல்லுங்கள். சரிசெய்யும் முறை, தண்டனை, ஒரு நிமிடத்துக்கு மேல் போயிருந்தால் கூடுதல் நேரம், கடைசியாக மேல்முறையீட்டு உரிமை, இந்த வரிசையில் சொன்னால் எதுவும் விடுபடாது. மேசைகளுக்கு நடுவே சுற்றும் தள நடுவர் முழுத் தீர்ப்பும் சொல்லி முடித்தபின்தான் மேல்முறையீடு. தலைமை நடுவர் சொல்வது முடிவு.

அடிக்கடி வருபவை நான்கு.

கூடுதலாக ஒரு சீட்டு எடுத்துக் கையோடு சேர்த்துவிட்டார், எது என்று எதிராளிக்குத் தெரியாது. தற்செயலாக ஒன்றைத் திரும்ப வைத்தால் போதாது. அவர் கையிலுள்ள சீட்டுகளைக் காட்ட, எதிராளி தனக்கு முன்பே தெரியாத சீட்டுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார். அதை லைப்ரரியின் (இன்னும் எடுக்காத சீட்டுகளின் அடுக்கு) இடம் தெரியாத பகுதியில் கலந்து கலைக்க வேண்டும். கூடவே எச்சரிக்கை. இது எதிராளிக்கு லாபமாகத் தெரியும். லாபமாக இருப்பதால்தான் வேண்டுமென்றே கூடுதல் சீட்டு எடுத்துப் பார்ப்போம் என்ற ஆசை யாருக்கும் வராது.

கை தவறி லைப்ரரியின் ஒரு சீட்டு கண்ணில் பட்டுவிட்டது, கையில் சேரவில்லை. இடம் தெரியாத பகுதியை மட்டும் கலைக்கவும். முன்பு ஸ்க்ரை செய்து (மேல் சீட்டைப் பார்த்து) அடியில் வைத்த சீட்டு அடியிலேயே இருக்கட்டும்.

ட்ரிகர் (ஒன்று நடந்ததும் தானாக நேரும் சீட்டின் விளைவு) மறந்துவிட்டது. அதை நினைவில் வைப்பது அந்தச் சீட்டுக்கு உரியவரின் பொறுப்பு. எதிராளி எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு டர்னுக்குள் யாராவது கவனித்தால் அதை இப்போது நடத்தலாமா என்பது எதிராளியின் விருப்பம். உரியவருக்கே கெடுதல் செய்யும் ட்ரிகரை மறந்தால் மட்டும் எச்சரிக்கை உண்டு. எச்சரிக்கைக்கு இடமில்லாத ட்ரிகர் என்றால் மேசை ஓரம் நிற்கும் நடுவர் வாயைத் திறக்கக்கூடாது, திறந்தால் நீங்களே ஒருவருக்கு உதவியவராவீர்கள்.

விதிக்கு முரணான நகர்வு, அதன்பின் ஆட்டம் தொடர்ந்துவிட்டது. பின்னோக்கிப் போகலாமா என்பது தலைமை நடுவரின் முடிவு. ஒவ்வொரு செயலையும் தலைகீழ் வரிசையில் அவிழ்க்க வேண்டும். நடுவில் எடுத்த சீட்டு எது என்று தெரியாவிட்டால் கையிலிருந்து தற்செயலாக ஒன்றை லைப்ரரியின் மேலே வைப்பது முறை. நடுவில் புதிய தகவல் நிறைய வெளியே வந்திருந்தால், முக்கியமான முடிவுகள் எடுக்கப்பட்டிருந்தால், அப்படியே விட்டுத் தொடரச் சொல்வதே நேர்மை. பாதி அவிழ்த்த ஆட்டம் பிழையான ஆட்டத்தைவிட மோசம்.

ஒரே வகை ஆட்டப் பிழைக்கு மூன்றாவது எச்சரிக்கை வந்தால் அது ஒரு கேமை இழப்பதாக மாறும். ஆகவே எச்சரிக்கைகளைப் பதிவுசெய்யாமல் விடுவது கருணையாகாது. அடுத்த எதிராளிக்கு அது அநியாயம்.

மெதுவாக ஆடுவது, மணி அடிப்பது

இத்தனை நொடிக்குள் ஆட வேண்டும் என்று விதி இல்லை. நிலைமை மாறாமல் இருக்கும்போது அதே சீட்டுகளை மறுபடி மறுபடி பார்த்துக்கொண்டிருந்தால் முதலில் ‘ஆடுங்கள்’ என்று சொல்லுங்கள். தொடர்ந்தால் எச்சரிக்கை, அந்த மேட்ச்சின் முடிவில் கூடுதலாக இரண்டு டர்ன். மணியை வைத்து வேண்டுமென்றே இழுப்பது வேறு குற்றம். அது நிரூபணமானால் தகுதி நீக்கம். வித்தியாசம் மனதில் இருக்கிறது, ஆகவே அங்கே நின்று பாருங்கள். நடுவர் அருகில் நின்றாலே பெரும்பாலோர் வேகமாகிவிடுகிறார்கள்.

மணி அடித்ததும் நடப்பு டர்னை முடித்து, அதன்பின் இருவருக்கும் சேர்த்து மொத்தம் ஐந்து டர்ன். அந்த நடப்பு டர்ன்தான் ‘பூஜ்யம்’ என்பதை நடுவர் உரக்கச் சொல்ல வேண்டும். ஐந்தாவது முடிந்தும் கேம் முடியவில்லை என்றால் அந்தக் கேம் டிரா. ஒருவர் முதல் கேமை வென்றிருந்து இரண்டாவது முடியவில்லை என்றால் மேட்ச்சை அவர் வென்றார் என்பதைப் பலர் தெரியாமல் டிரா என்று எழுதிவிடுகிறார்கள்.

கடைசிச் சுற்றுக்கு முன் ஒரு நிமிடம்

நான்கு சுற்று முடிந்தபின், நான்கும் வென்றவர் இருவர், மூன்று வென்றவர்கள் எட்டுப் பேர். இந்தப் பத்துப் பேரும் டிரா செய்துகொண்டால் 13, 13, பிறகு எட்டுப் பேருக்கு 10. கீழே, இரண்டு சுற்று வென்றவர்கள் கடைசிச் சுற்றை வென்றாலும் 9தான். ஆகவே டைபிரேக்கர் நன்றாக உள்ளவர் டிரா கேட்பது இயல்பு, அனுமதியும் உண்டு. ‘டிரா செய்யலாமா?’ என்று கேட்பதோடு நிறுத்த வேண்டும். ‘விட்டுக்கொடு, பரிசில் பாதி தருகிறேன்’ என்றாலோ, காசு சுண்டி முடிவெடுக்கலாம் என்றாலோ மேட்ச் போகும், தெரிந்தே செய்தால் போட்டியிலிருந்தே நீக்கம். இதில் நீக்கப்படுபவர்கள் பலர் ஏமாற்றுக்காரர்கள் இல்லை, யாரும் சொல்லிக்கொடுக்காதவர்கள். ஆகவே ஜோடியை ஒட்டுவதற்கு முன் எல்லாருக்கும் கேட்கும்படி இதைச் சொல்லிவிடுங்கள். டிரா செய்தால் உள்ளே வருவேனா என்று கேட்டால் தரவரிசைப் பட்டியலைக் காட்டுங்கள், ஆலோசனை சொல்லாதீர்கள்.

ஏமாற்று என்ற சந்தேகம்

விதியை மீறியிருக்க வேண்டும், அது தவறு என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அதனால் லாபம் அடைய முயன்றிருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் ஏமாற்று. இருவரையும் தனித்தனியே, மற்றவர் காதில் விழாத இடத்தில் விசாரியுங்கள். ‘நீங்கள் இதைச் செய்தீர்களா?’ என்று தொடங்காமல், ‘அந்த டர்னை முதலிலிருந்து சொல்லுங்கள்’ என்று கேளுங்கள். குரலை உயர்த்த வேண்டாம். தகுதி நீக்கம் செய்தால் எல்லாரிடமும் எழுத்து வாக்குமூலம் வாங்கிக்கொள்ளுங்கள். நீக்கப்பட்டவரும் தன் தரப்பை எழுதட்டும்.

முதல் எட்டு

தரவரிசையில் முதலாமவர் எட்டாமவரோடு, நான்காமவர் ஐந்தாமவரோடு, இரண்டாமவர் ஏழாமவரோடு, மூன்றாமவர் ஆறாமவரோடு. தரவரிசையில் மேலே இருப்பவர் முதலில் ஆடுவதா இரண்டாவதா என்று முடிவுசெய்வார். நாணயம் சுண்ட வேண்டாம். இங்கே டிரா கிடையாது. நேரம் வைத்து ஆடுகிறீர்கள் என்றால், கூடுதல் டர்ன் முடிந்ததும் இருவரும் வென்ற கேம்கள் சமம் என்றால், யாருக்கு லைஃப் (உயிர்ப் புள்ளி) அதிகமோ அவர் அந்தக் கேமை வெல்கிறார். லைஃபும் சமமாக இருந்தால் முதல் லைஃப் மாற்றம் வரை ஆட்டம் தொடரும். ஸ்விஸ் முழுக்க வேறு விதமாகப் பழகிய ஆட்டக்காரருக்கு இது கடைசி நிமிடத்தில் அதிர்ச்சியாக இருக்கும், உட்காரும்போதே சொல்லிவிடுங்கள்.

இறுதி ஆட்டம் நடக்கும்போது இன்னொரு நடுவர் மேசைகளைச் சுற்றி வரட்டும். நாற்காலிக்கு அடியில் டெக் பெட்டியும், மேசை விளிம்பில் எதிராளியிடம் மாட்டிக்கொண்ட சீட்டும் ஒன்றிரண்டாவது இருக்கும். டெக்லிஸ்டோடு ஒப்பிட்டால் யாருடையது என்று தெரிந்துவிடும். முடிவுகளைப் பதிவேற்றுவதற்கு முன் அவரைக் கூப்பிட்டுக் கொடுத்துவிடுங்கள்.